ஆடி அமாவாசையும் ஐயாறப்பரும் அப்பாவும்

ஆடி அமாவாசைக்குத் திருவையாற்றில் இரண்டு கூட்டம் சேரும். காலையில் காவிரிப் படித்துறைக்கு முன்னோரை நினைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்க வருகிறவர்கள். மாலையில் ஐயாறப்பர் கோயிலில் நாயன்மார் அப்பருக்குக் கயிலைக் காட்சி நடப்பதைப் பார்க்க வருகிறவர்கள். எங்கள் அப்பா இரண்டுக்கும் போவார், அதுவும் அம்மாவைக் கூட்டிக்கொண்டுதான் போவார். அவர் இறந்து, தலைத்திவசம் என்கிற முதல் வருடத் திதி முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை இது. அம்மா, அண்ணன், நான் மூன்று பேரும் போய்வந்தோம்.

ஒரத்தநாடு பக்கம் எங்கள் ஊர். மிலிட்டரிக்காரர் வீடு என்று கேட்டால் யாரும் வழி சொல்வார்கள். சீனப் போர் முடிந்த கையோடு 1963-ல் அப்பா பட்டாளத்தில் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்கிற பொறியாளர் படைப்பிரிவு, பெங்களூரில் பயிற்சி. 1780-லிருந்து தொடர்ந்து வரும் பிரிவு அது. அந்தப் படைவீரர்களை ராணுவம் முழுக்கத் ‘தம்பி’ என்றுதான் சொல்வார்கள். பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடியைப் புதைப்பது, எதிரி புதைத்ததைத் தேடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. 1985-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்று, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு ஊர் வந்து சேர்ந்தார்.

தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்கு பஸ்ஸில் அரை மணி நேரம்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுவோம். ஊருக்குப் பெயர் வந்ததே இந்த ஐந்தால்தான் என்பார்கள். சின்ன வயதில் அப்பாவோடு போகும்போது ஒவ்வொரு பாலம் வந்ததும் ஜன்னல் பக்கம் எங்களைத் தள்ளி, “தூணோட அடியைப் பாருங்க” என்பார். வெள்ளம் பாலத்தை மேலே மோதி உடைப்பதைவிட, தூணின் காலடி மண்ணை அரித்துச் சாய்ப்பதுதான் அதிகம் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மற்ற பிள்ளைகள் பஸ்ஸில் தூங்குவார்கள், நாங்கள் தூண் பார்ப்போம். இந்தத் தடவையும் வெண்ணாறு வந்ததும் அண்ணன் எழுந்து குனிந்து பார்த்தார். மேட்டூர் திறந்து வந்த தண்ணீர் செம்மண் நிறத்தில் கரைக்குக் கரை ஓடிக்கொண்டிருந்தது.

புஷ்ய மண்டபப் படித்துறையில் நிற்க இடமில்லை. வாழை இலைத் துண்டில் பச்சரிசி, வாழைக்காய், எள், தர்ப்பை. ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்டார். தாத்தா பெயரிலிருந்து தொடங்கிய வரிசை இப்போது அப்பா பெயரிலிருந்து தொடங்குகிறது. அண்ணன் அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. அம்மா மேல்படியில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். தர்ப்பணத்தில் பெற்றோர், பாட்டன்மார் முடிந்த பிறகு, சிநேகிதர்களுக்கும் செய்ய ஆள் இல்லாதவர்களுக்கும் சேர்த்து நீர் விடுகிற வழக்கம் உண்டு. காருண்ய பித்ருக்கள் என்பார்கள். பலர் அதை அவசரமாக முடித்துவிடுவார்கள். அப்பா அந்த இடத்துக்கு வந்ததும் நிதானமாகிவிடுவார். கூட வேலை பார்த்துத் திரும்பி வராதவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி நீர் விடுவார். அதில் பஞ்சாபியும் உண்டு, மலையாளியும் உண்டு, கல்யாணமே ஆகாத பையன்களும் உண்டு. அந்தப் பெயர்களை அவர் எங்கும் எழுதி வைக்கவில்லை. அதனால் இந்த முறை அண்ணன், “பட்டாளத்துல அப்பா கம்பெனி ஆளுங்க, எல்லாருக்கும்” என்றார். ஐயர் ஒரு நிமிடம் அண்ணனைப் பார்த்துவிட்டு, அதற்கும் மந்திரம் சொல்லி நீர் விடச் சொன்னார். அகத்திக்கீரையைப் பசுவுக்குக் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தோம்.

தெற்கு வாசலில் ஆட்கொண்டார் சன்னதி. எமனிடமிருந்து ஒரு சிறுவனைக் காப்பாற்றிய சாமி. முன்னால் குங்கிலியக் குண்டம் புகைந்துகொண்டே இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு இந்தக் குண்டத்தோடு ஒரு கணக்கு உண்டு. 1971 டிசம்பர் 3-ல் சண்டை தொடங்கியபோது அண்ணன் கைக்குழந்தை. அப்பா மேற்கு எல்லையில் இருக்கிறார் என்பது மட்டும் தெரியும். 17-ஆம் தேதி அங்கே சண்டை முடிந்தது என்று ரேடியோவில் சொன்ன பிறகும் அப்பாவிடமிருந்து கடிதம் வரவில்லை. பாட்டி அழுவாராம். அம்மா அழவில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி இங்கே வந்து, “ஆள் வந்து சேர்ந்தா, அவங்க கையாலயே குங்கிலியம் போட வைக்கிறேன்” என்று வேண்டிக்கொண்டாராம். அப்புறம்தான் கடிதம் வந்தது. அடுத்த லீவில் அப்பா வந்ததும் முதல் வேலை குங்கிலியம் வாங்கி இங்கே போட்டதுதான். இந்த முறை அம்மாவே வாங்கிப் போட்டார். புகை கண்ணில் பட்டும் நகராமல் நின்றார்.

உள்ளே ஐயாறப்பரையும் அறம் வளர்த்த நாயகியையும் தரிசித்தோம். இங்கே கருவறையை ஒட்டிய சுற்றில் வலம் வர மாட்டார்கள். ஈசனின் சடை அங்கே விரிந்து கிடக்கிறது, மிதிக்கக் கூடாது என்பது நம்பிக்கை. மதியம் மண்டபத்தில் படுத்து எழுந்தோம்.

மாலைக்காகத்தான் அப்பா காத்திருப்பார். அப்பர் கயிலாயத்துக்கு நடந்த கதையைச் சேக்கிழார் சொல்லும் விதத்தை அப்பா திரும்பத் திரும்பக் கேட்பார். காளத்தி, காசி எல்லாம் கடந்து, நடந்து கால் தேய்ந்து, தவழ்ந்து கை தேய்ந்து, மார்பால் ஊர்ந்து, கடைசியில் உருண்டு போகிறார் அந்த வயதானவர். முனிவர் வேடத்தில் ஈசன் வந்து திரும்பிப் போகச் சொல்ல, “ஆளும் நாயகன் கயிலையில் இருக்கை கண்டல்லால் மாளும் இவ்வுடல் கொண்டு மீளேன்” என்கிறார். அங்கிருக்கும் பொய்கையில் மூழ்கு, திருவையாற்றில் அந்தக் காட்சியைக் காண்பாய் என்று ஈசன் அனுப்புகிறார். மூழ்கியவர் இங்கே ஒரு குளத்தில் எழுந்திருக்கிறார். எழுந்து வரும் வழியில் அவர் கண்டது என்ன? துணையோடு வரும் யானை. கோழி, குயில், மயில், நாரை, கிளி, காளை, எல்லாம் துணையோடு. அந்தச் சோடிகளிலேயே அம்மையப்பனைக் கண்டு, “கண்டேன் அவர்திருப் பாதம் கண்டறி யாதன கண்டேன்” என்று பாடினார். நான்காம் திருமுறையின் மூன்றாம் பதிகம். பாடியவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வீடு வாசலை விட்டால்தான் சாமி என்று நினைப்பவர்கள் இந்தப் பதிகத்தை ஒரு தடவை நிதானமாகப் படிக்க வேண்டும்.

அப்பா இதைத் தன்னுடைய பதிகமாகவே எடுத்துக்கொண்டார். கல்யாணமான முதல் பதினைந்து வருடங்களுக்கு மேல் அவருக்கு வருடத்தில் இரண்டு மாத லீவுதான் குடும்பம். மீதியெல்லாம் 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபால் நிலைய விலாசம் போட்ட இன்லண்ட் லெட்டர். அதிலும் ஒரு மடிப்பு பாட்டிக்கு, ஒரு மடிப்பு அம்மாவுக்கு, ஒட்டும் ஓரத்தில் எங்களுக்குப் பொடி எழுத்தில் இரண்டு வரி. ஓய்வு பெற்ற பிறகு பாங்க், கேன்டீன், உர மூட்டை வாங்குவது எதற்கும் அம்மா இல்லாமல் அவர் போனதில்லை. எனக்குத் தலை பின்னிவிட்டதும் அவர்தான். விடிகாலையில் எழுந்து எங்கள் பள்ளிக்கூட யூனிஃபார்மைத் தேய்த்து வைப்பார். ஊரில் சிலர் பேசினார்கள், பட்டாளத்துக்காரன் பெண்டாட்டி பின்னாலேயே சுற்றுகிறான் என்று. அவர் காதில் விழுந்தும் விழாத மாதிரி போவார்.

எழுபதுகளில் ஒரு சமயம் அவர் லடாக்கில், லே பக்கம் இருந்தார். பதினோராயிரம் அடிக்கு மேல் உயரம், பனிக்காலத்தில் சோஜி லா கணவாய் மூடிவிட்டால் ஸ்ரீநகர்ப் பாதை கிடையாது. அங்கிருந்து வந்த ஒரு கடிதத்தை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். “இங்கே சிந்து நதி ஓடுகிறது. கயிலாய மலைக்குப் பக்கத்தில் பிறந்து வருகிறதாம். இன்று முகம் கழுவினேன். உன் பேரும் பிள்ளைகள் பேரும் சொல்லிக் கும்பிட்டேன்” என்று எழுதியிருக்கிறார். அப்போது கயிலாய யாத்திரை நின்று போயிருந்த காலம். 1981-ல் திரும்பத் தொடங்கினார்கள். பிற்பாடு நான் வேலைக்குப் போன பிறகு, அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டேன். “அப்பரையே சாமி திரும்பிப் போன்னு அனுப்பிடுச்சும்மா. நான் அந்தத் திசையில இருந்து திரும்பி வந்தவன். எனக்கு ஐயாறு போதும்” என்றார்.

தென்கயிலாயச் சன்னதிப் பக்கம் இருட்டும் முன்பே கூட்டம் அடைத்துவிட்டது. ஓதுவார் “மாதர்ப் பிறைக்கண்ணி யானை” என்று எடுத்ததும் சுற்றியிருந்தவர்கள் சேர்ந்துகொண்டார்கள். கயிலை வாத்தியமும் சங்கும் காது நிறைய. தீபாராதனை நேரத்தில் எல்லோரும் கையைத் தலைக்கு மேல் தூக்கியபோது அம்மா மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “பின்னாடியே நின்னுகிட்டுத் தலையைத் தூக்கிப் பார்ப்பாங்க” என்றார்.

அப்பரின் கதையில் அம்மாவுக்கு மனது நிற்கிற இடம் வேறு. அப்பரின் அக்கா திலகவதியாரைப் பேசி முடித்திருந்த கலிப்பகையார் ஒரு படைத்தலைவர். கல்யாணத்துக்கு முன்பே அரசன் அனுப்பிய வடநாட்டுப் போருக்குப் போய், அங்கேயே இறந்துவிட்டார். உயிரை விடத் துணிந்த திலகவதியார் தம்பிக்காக உயிர் தரித்தார். அந்தத் தம்பிதான் அப்பர். பந்தலில் ஒரு பெரியவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். “எனக்கு ஆள் திரும்பி வந்துச்சு. அந்த அம்மாவுக்கு வரலையே” என்றார் அம்மா. வேறெதுவும் பேசவில்லை.

அன்னதானத்தில் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர் அண்ணன் கையிலிருந்த பையைப் பார்த்தார். அப்பாவுடைய பழைய ராணுவப் பை அது. “எந்த யூனிட்டுங்க?” என்று கேட்டார். அவரும் பட்டாளத்தில், தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்து வந்தவராம். அண்ணன் யோசிப்பதற்குள் அம்மா, அப்பாவின் ராணுவ எண், ரேங்க், பெயர், கம்பெனி, 56 ஏபிஓ என்று கடித உறையில் எழுதும் வரிசையிலேயே ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அத்தனை வருடம் எழுதிய கை அல்லவா. அவர் கொஞ்ச நேரம் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பி, “அம்மாவுக்கு ஃபேமிலி பென்ஷன் ஒழுங்கா வருதா தம்பி? இ.சி.எச்.எஸ். கார்டு மாத்திட்டீங்களா?” என்று விசாரிக்க ஆரம்பித்தார். முன்னாள் ராணுவத்தினர் குடும்பத்துக்கான மருத்துவத் திட்டத்தின் கார்டு அது. கார்டு இன்னும் மாற்றவில்லை. என்னென்ன பேப்பர் வேண்டும், தஞ்சாவூரில் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, நான் போனில் குறித்துக்கொண்டேன்.