தம்பியின் ஒரு பக்கம்

ஜனவரி 6

தம்பி தன் ரெஸ்யூமேயை அனுப்பியிருக்கிறான். வணிகவியல் முதலாண்டு. கோடை விடுமுறையில் ஏதாவது ஒரு நிதி நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. இரண்டு பக்கங்கள், மேலே புகைப்படம், பிறந்த தேதி, பிறகு "சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள" என்று தொடங்கும் நான்கு வரி இலட்சியம். நான்கையும் அடித்துவிட்டேன். யார் எழுதினாலும் ஒரே மாதிரி இருக்கும் வரி அவனைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

முதலாண்டில் படிப்பு விவரம்தான் முதலில் வர வேண்டும். பள்ளி மதிப்பெண்ணும் இப்போதைக்கு இருக்கட்டும். கல்லூரி மதிப்பெண்கள் சேரச் சேர அதை எடுத்துவிடலாம். தேதிகள் ஓரிடத்தில் மாதத்தோடும் மற்றோரிடத்தில் வெறும் ஆண்டாகவும் இருந்தன. கடன் ஆய்வுப் பிரிவில் வேலை செய்கிற எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. புதிதாகச் சேர்பவரின் வேலையில் பாதி, எண்களைச் சரிபார்ப்பது. தன் ஒற்றைப் பக்கத்தைச் சரிபார்க்காதவரிடம் அதை எப்படி ஒப்படைப்பார்கள்?

ஜனவரி 8

இரவு தொலைபேசியில் நெடுநேரம் பேசினோம். "மாணவர் மன்றத்தின் பொருளாளராகப் பணியாற்றினேன்" என்று ஒரு வரி இருந்தது. பொருளாளர் என்ன செய்தார் என்று கேட்டேன். "கணக்கு பார்த்தேன், அக்கா." எப்படிப் பார்த்தாய், எதை எதோடு ஒப்பிட்டாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. விழாச் செலவு முழுவதையும் எக்செலில் ஏற்றி, ரசீதுகளோடு ஒப்பிட்டிருக்கிறான். ஒரே பில்லை ஒருவர் இரண்டு முறை கொடுத்திருந்ததைக் கண்டுபிடித்து, இரண்டாவது முறை பணம் போகாமல் தடுத்திருக்கிறான். அதை எழுதத் தோன்றவே இல்லையாம்! தணிக்கையாளர் செய்கிற வேலையைப் பதினெட்டு வயதில் செய்துவிட்டு, "பணியாற்றினேன்" என்று ஒரு சொல்லில் மூடி வைத்திருக்கிறான்.

புதிய வரி: "மூன்று நாள் விழாவின் வரவு செலவை ரசீதுகளுடன் சரிபார்த்து, இருமுறை வந்த பில்லைக் கண்டறிந்து நிறுத்தினேன்."

"முப்பது சதவீதம் மிச்சப்படுத்தியதாகப் போடலாமா?" என்றான். எதில் முப்பது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அதை விட்டுவிட்டோம். நேர்முகத்தில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 11

திறன்கள் பகுதியில் "நிதி மாதிரியாக்கம்" என்று போட்டிருந்தான், அதாவது ஒரு நிறுவனத்தின் வருங்காலக் கணக்குகளை எக்செலில் கணித்துப் பார்ப்பது. காணொளிப் பாடம் ஒன்று பார்த்திருக்கிறான். நேர்முகங்களில் வழக்கமாக வரும் கேள்வியைக் கேட்டேன்: தேய்மானம் (சொத்து பழசாவதற்காகக் கணக்கில் மட்டும் எழுதும், பணம் கையை விட்டுப் போகாத செலவு) 100 கூடினால் லாப நட்டக் கணக்கு, ரொக்கப் பாய்வு அறிக்கை, இருப்புநிலைக் குறிப்பு ஆகிய மூன்று அறிக்கைகளிலும் என்ன மாறும்? வரி 25 சதவீதம்.

வரிக்கு முந்தைய லாபம் 100 குறையும் என்பது வரை சரியாகச் சொன்னான். அங்கிருந்து சேர்ந்து போட்டோம். வரி 25 குறைகிறது. நிகர லாபம் 75 குறைகிறது. ரொக்கப் பாய்வு அறிக்கையில் தேய்மானம் 100-ஐத் திரும்பக் கூட்டினால் ரொக்கம் 25 கூடுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் நிலையான சொத்து 100 குறைந்து, ரொக்கம் 25 ஏறி, மறுபக்கம் பங்குதாரர் நிதி 75 குறைகிறது. இரு பக்கமும் சமமாக நிற்கிறது.

"யாரும் பணம் தரவில்லையே, ரொக்கம் எப்படிக் கூடியது?" என்று கேட்டான். அருமையான கேள்வி. கட்ட வேண்டிய வரி குறைந்ததுதான் காரணம் என்று அவனே பிறகு சொன்னான். இதை யார் உதவியும் இல்லாமல் சொல்லிப் பழகும்வரை அந்த வரி வெளியே இருக்கட்டும் என்றேன். ஒத்துக்கொண்டான்.

ஜனவரி 12

முதலீட்டு ஆய்வுத் துறைக்கான சர்வதேசச் சான்றிதழான சி.எஃப்.ஏ. பற்றிக் கேட்டான். பட்டம் பெற 23 மாதங்களோ அதற்குக் குறைவாகவோ இருக்கும்போதுதான் முதல் நிலைத் தேர்வு எழுதலாம். இப்போது அவசரமில்லை, பதிவு செய்யாமல் ரெஸ்யூமேயில் அந்தப் பெயரைச் சேர்க்கவும் கூடாது.

ஜனவரி 20

சொற்களை எவ்வளவு மாற்றினாலும் பக்கத்தின் கீழ்ப்பகுதி வெறுமையாகவே இருந்தது. அதை வேலையால்தான் நிரப்ப முடியும். பங்குச்சந்தையில் உள்ள ஒரு நிறுவனத்தின் ஐந்து ஆண்டறிக்கைகளைப் படித்து, பங்கை வாங்கலாமா என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லியிருந்தேன்.

இன்று வந்தது. லாபம் ஆண்டுதோறும் ஏறுகிறது, வணிகத்திலிருந்து வரும் ரொக்கம் ஏறவில்லை. வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய பாக்கி, விற்பனையைவிட வேகமாக வளர்கிறது என்று கண்டிருக்கிறான். வாங்க வேண்டாம் என்பது அவன் முடிவு. எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி! இதைப் பற்றி அரை மணி நேரம் கேட்டாலும் பேசுவான்.

ஜனவரி 26

ஒரு பக்கத்துக்குள் வந்துவிட்டது. "எக்செல் நிபுணர்" போய், பிவட் அட்டவணை, எக்ஸ்லுக்கப் என்று அவன் உண்மையில் பயன்படுத்துபவை மட்டும் நிற்கின்றன. "இசை, வாசிப்பு, பயணம்" போய், கல்லூரிச் சதுரங்க அணி மட்டும் இருக்கிறது. பி.டி.எஃப். ஆக்கி, கோப்புக்குத் தன் பெயரையே வைத்திருக்கிறான்.

நாளை, நிதித்துறையில் இருக்கும் கல்லூரியின் முன்னாள் மாணவர் ஒருவருக்கு எழுதப்போகிறான். மடலில் வேலை கேட்காதே, பதினைந்து நிமிடம் பேச நேரம் கேள், பங்கைப் பற்றி எழுதிய அந்த இரண்டு பக்கத்தையும் இணைத்து அனுப்பு என்று சொல்லியிருக்கிறேன்.