பலகை காய்கிற வரை

ஜூன் 9

சாரல் ஆரம்பித்துவிட்டது. செங்கோட்டையில் ஸ்பீக்கர் பெட்டிக்கு மரம் வாங்க இதைவிட மோசமான காலம் கிடையாது. தள்ளிப்போடவும் முடியாது.

ஜூன் 11

பார்சல் வந்தது. கீழ்ச்சுருதிக்கு இரண்டு ஐந்தேகால் அங்குல வூஃபர், மேல்சுருதிக்கு இரண்டு ட்வீட்டர். அப்பா வூஃபரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு காந்தத்தின் கனத்தைப் பார்த்தார். "பெட்டி எதுல?" என்று கேட்டார். எம்.டி.எஃப். என்றேன். வூஃபரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

எம்.டி.எஃப். மட்டமான பொருள் இல்லை. அதற்கு ரேகை கிடையாது, எந்தத் திசையில் அறுத்தாலும் ஒரே குணம், கன மீட்டருக்கு 700 கிலோவுக்கு மேல் எடை, வளையாது. உலகத்தில் எத்தனையோ ஸ்பீக்கர் பெட்டி அதில்தான் வருகிறது என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். மரவாடியில் காலமெல்லாம் அளவு எழுதியவரிடம் மரநாரை ஒட்டிய அட்டையைப் பற்றி எப்படிப் பேசுவது?

தவிர, அது ஈரத்தில் உப்பும். இந்த ஊரில் மூன்று மாதம் சுவரே வியர்க்கிறது.

ஜூன் 12

அப்பாவின் ரத்தத்தில் ஆக்சிஜன் 93. ராத்திரி 90 வரை இறங்கி ஏறியது.

ஜூன் 15

அப்பாவின் ஆக்சிஜன் மெஷின் சத்தம் எனக்குப் பழகிவிட்டது. பழகாதது பீரோ. ராத்திரி முழுக்க எங்கிருந்தோ ஒரு ‘ர்ர்ர்’ வந்துகொண்டே இருந்தது. மெஷினுக்குள் ஏதோ லூசாகிவிட்டதோ என்று பயந்து பக்கத்தில் குத்தவைத்துக் கேட்டேன். மெஷின் ஒழுங்காகத்தான் ஓடியது. அதன் 100 ஹெர்ட்ஸ் முனகலை வாங்கிப் பக்கத்தில் இருந்த பீரோக் கதவுதான் பாடிக்கொண்டிருந்தது. கதவின் ஓரத்தில் விரல் வைத்தால் ஒன்றும் மாறவில்லை. நடுவில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்தினேன், சட்டென்று நின்றது. எடுத்தால் மறுபடி வந்தது.

அகலமான, மெல்லிய, நடுவில் பிடிமானம் இல்லாத பலகை. பெட்டிக்குள் குறுக்குக் கட்டை எங்கே போக வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். சரியாக நடுவில் போட்டால் இரண்டு சம பாகமாகி இரண்டும் ஒரே சுருதியில் அதிரும், கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

காலண்டர் அட்டையை மடித்துக் கதவிடுக்கில் செருகினேன். அப்பா கண்ணை மூடியபடியே "நின்னுட்டா?" என்றார். அவரும் தூங்காமல் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஜூன் 18

மில் அண்ணாச்சி போன் செய்தார். நல்ல பலா இருக்கிறதாம், நன்றாகக் காய்ந்தது. "வீணை செய்யுத மரம்லா, ஸ்பீக்கருக்குக் கேக்கவா வேணும்" என்றார்.

பார்க்கிற எல்லோரும் இதையே சொல்கிறார்கள். தஞ்சாவூர் வீணைக்குப் பலா, அதுவும் பண்ருட்டிப் பலா. ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் ஏகாண்ட வீணை. மிருதங்கமும் பலாதான், தவிலும் பலாதான். அப்படியென்றால் ஸ்பீக்கருக்கும் பலாதானே?

இல்லை. இதை மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். வீணையின் தந்தி தனியாக ஒலித்தால் பக்கத்து அறைக்குக் கேட்காது. குடம் சேர்ந்து அதிர வேண்டும், அதற்காகத்தான் பலா. வீணைக்கு வேண்டிய குரலை வீணையே கொடுக்கிறது. ஸ்பீக்கர் பெட்டியின் வேலை நேர்மாறானது. காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தில் என்ன உண்டோ அது ரெக்கார்டிலேயே இருக்கிறது. அதன் மேல் என் பெட்டி தன் பங்குக்கு ஒரு குரலைச் சேர்த்தால் அது காருகுறிச்சி இல்லை. ‘இந்த மரத்துக்கு இனிமையான ஒலி’ என்று யாராவது விற்க வந்தால், அந்த மரத்தை வாங்கக் கூடாது என்பதற்கு அதுவே காரணம்.

பிபிசி ஆராய்ச்சிப் பிரிவில் ஹார்வுட்டும் மேத்யூஸும் 1977-இல் பெட்டிகளைப் பற்றி எழுதிய அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்தேன். அவர்கள் கனத்த மரத்தைத் தேடிப் போகவில்லை. மெல்லிய ப்ளைவுட் எடுத்து, உள்பக்கம் அதிர்வைத் தின்கிற பட்டைகளை ஒட்டினார்கள். அதிர்வு கீழ்ச்சுருதிக்கு இறங்கி அங்கேயே அடங்கிவிடும், மனுஷக் குரல் இருக்கிற இடம் சுத்தமாகும். பிபிசியின் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் பெட்டி 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட். அதில் மூலைக்கட்டை பீச் மரமா பைன் மரமா என்பதுகூடக் காதில் தெரிந்திருக்கிறது. ஒரு விரல் தடிமன் கட்டை!

அண்ணாச்சிக்கு நாளை பதில் சொல்ல வேண்டும்.

ஜூன் 19

காற்றில் எங்கோ கம்பி அறுந்து மதியம் முழுக்கக் கரண்ட் இல்லை. சிலிண்டருக்கு மாற்றினோம். முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

ஜூன் 22

மில்லுக்குப் போனேன். அம்மா இரண்டு மணி நேரம் அவகாசம் கொடுத்தாள்.

ஈட்டியைக் கண்ணால் மட்டும் பார்த்தேன். கரும்பழுப்பும் ஊதாவும் ஓடுகிற பலகை, கனமும் அருமையான கனம். பட்டா நிலத்தில் நின்றதைக்கூட அனுமதி இல்லாமல் வெட்ட முடியாதபடி சட்டம் போட்டுக் காத்த மரம். 2017 முதல் பன்னாட்டு வணிகத்திலும் கட்டுப்பாடு. பழைய கட்டிலை உடைத்த துண்டு என்றார் அண்ணாச்சி. இரண்டு பெட்டிக்கு அது காணாது. காணுமென்றாலும் எடுத்திருக்க மாட்டேன்.

வேங்கை கன மீட்டருக்கு 800 கிலோ வரும், தட்டினால் ‘டொக்’ என்று அடங்குகிறது. பிடித்திருந்தது. ஆனால் ஈரம் பட்டால் சாயம் விடும். அயனி ஒழுங்கான மரம், கடலில் படகாகப் போகிறது, விலையும் பரவாயில்லை. அண்ணாச்சி காட்டிய பலகைகளில் ரேகை முறுக்கிக் கிடந்தது. ஆச்சா பற்றிக் கேட்டதும் சிரித்தார். "நாயனத்துக்காரங்க தேடுத மரம். பழைய வீட்டு உத்தரமா கெடச்சாத்தான் உண்டு. உளி மழுங்கும் பாத்துக்கோங்க."

கடைசியில் தேக்கு. அச்சன்கோவில் பக்கத்துத் தடி, முற்றத்தில் பட்டையோடு கிடந்தது. அப்பாவுக்கு போன் செய்தேன். "சுத்தளவு சொல்லு." 44 அங்குலம். "நீளம்?" எட்டடி. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுக்க வேண்டும். அண்ணாச்சி கால்குலேட்டரைத் தேடி எடுப்பதற்குள் "ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் கம்மி" என்று வந்தது. கால்குலேட்டரில் 6.72 கன அடி.

பச்சைத் தடி. அறுத்துப் போட்டால் ஓரங்குலக் கனம் காய ஒரு வருஷம் என்பது கணக்கு. ஒரு வருஷம்.

ஜூன் 23

துண்டுகளை அப்பாவின் கட்டிலில் பரப்பினேன். வேங்கை, அயனி, பலா, இரண்டு விதத் தேக்கு. ஒவ்வொன்றையும் கையில் எடுத்து ஓரத்தை நகத்தால் கீறினார். தேக்கு ஒன்றை உடனே தள்ளிவிட்டார். "வெள்ளை விழுந்தது. வைரம் பாயலை." இன்னொன்றை மூக்குக்குக் கொண்டுபோனார். ட்யூப் தடுத்தது. ட்யூபை இழுத்துக் கன்னத்தில் விட்டுவிட்டு, துண்டில் எச்சில் தொட்டுத் தேய்த்து மோந்தார்.

நான் கத்தினேன். அம்மா ஓடி வந்தாள்.

"இருல" என்றார். இரண்டாவது தடவையும் மோந்தார். அப்புறம் அவரே ட்யூபை எடுத்து மாட்டிக்கொண்டார். 86. பத்து நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று ஏற. ஏறின பிறகு சொன்னார், "இது நல்ல மரம். எண்ணெ இருக்கு."

ஜூன் 27

91. 92. 91.

ஜூலை 1

கணக்குப் போட்டுப் போட்டுத் தூக்கம் போகிறது.

மரம் நீளவாக்கில் அசையாது, அகலவாக்கில்தான் அசையும். சாரலில் தண்ணீரை இழுத்து உப்பும், பங்குனி வெயிலில் சுருங்கும். இரண்டுக்கும் நடுவே ஈரப்பதம் நாலு சதவீதம் மாறினால், 22 செ.மீ. அகலத் தேக்குப் பலகை ஒன்றரை மில்லிக்கு மேல் விரிந்து சுருங்கும். அதுவும் தேக்கு, அசைவு குறைந்த மரம் என்று பெயர் வாங்கியது. ஆண்டு வளையங்கள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் ஒரு மில்லிக்குள் அடங்கும். ஆனால் அப்படி அறுத்தால் தடியில் சேதாரம் அதிகம்.

ஒரு மில்லிதானே என்று விட முடியாது. மூடிய பெட்டி இது. உள்ளே அடைபட்ட காற்றுதான் வூஃபருக்கு ஸ்பிரிங். மூட்டில் தலைமயிர் அளவு விரிசல் விட்டாலும் காற்று சீறும். கொள்ளளவு பத்து லிட்டர், உட்பக்கம் 18 அகலம், 30 உயரம், 19 ஆழம். 30 செ.மீ. உயரத்துக்கு 575 ஹெர்ட்ஸ் பக்கத்தில் உள்ளே ஒரு நின்ற அலை வரும், நாகஸ்வரம் நடமாடுகிற இடம். அதற்கு உயரத்தின் நடுவில் பஞ்சு போதும். விரிசலுக்குப் பஞ்சு வைக்க முடியாது.

மரத்தின் ஈரம் பார்க்கிற மீட்டர் வாங்கினேன், ஊசி குத்துகிற வகை. மில் பலகையில் 17 சதவீதம் காட்டுகிறது.

ஜூலை 4

தூத்துக்குடியிலிருந்து அக்கா போன். "இந்த நேரத்துல ஸ்பீக்கர் முக்கியமா?" என்றாள். அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வது? போனை அப்பாவிடம் கொடுத்தேன். "பெட்டிக்கு மரம் இன்னும் ஆகலைம்மா" என்றார் அவர்.

ஜூலை 7

இன்று நல்ல நாள். 94. ஊத்தப்பம் ஒன்று முழுசாகச் சாப்பிட்டார்.

படம் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார், "கதவுக்கு எதுக்குச் சட்டம் போடுதோம்?" எனக்கு உடனே பிடிபடவில்லை. சட்டத்தில் பள்ளமாக வரி எடுத்துப் பலகையைப் பசை இல்லாமல் உள்ளே நிறுத்துகிறோம். மழையில் அது விரியட்டும், வெயிலில் சுருங்கட்டும், கதவின் அளவு மாறாது. "பலகையைப் பிடிச்சு நிறுத்த முடியாதுல. போக்கு விடணும்."

அப்புறம் எல்லாமே விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. மேல், கீழ், இரண்டு பக்கம் என நாலு பலகையும் தேக்கு, ரேகை பெட்டியைச் சுற்றி ஓடும்படி. அப்போது நாலும் ஆழத்தில் மட்டும் அசையும், சேர்ந்தே அசையும், மூலை பிரியாது. முன்பலகையும் பின்பலகையும் ப்ளைவுட், அசையாதது. தேக்கில் வரி வெட்டி அதில் உட்கார்த்தினால், பக்கவாட்டில் இழுபறியே கிடையாது. முன்னிருந்து பின்னுக்கு ஓடும் கட்டையை முழு நீளமும் ஒட்டவே கூடாது, பலகை பிளந்துவிடும். குறுக்குக் கட்டை இரண்டு பக்கப் பலகைகளுக்கு இடையில் மட்டும். உள்சுவரில் தார்ப்பட்டை.

முன்பலகையும் தேக்காக இருக்க வேண்டும் என்று இத்தனை நாள் பிடிவாதமாக நினைத்திருந்தேன், அழகுக்காக. வூஃபர் திருகப்படுகிற இடம் அது. ப்ளைவுட்டே இருக்கட்டும். துணி மூடிக்கொள்ளும்.

ஜூலை 10

திருநெல்வேலி. டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் கீழே முன்னைவிட வெள்ளை. போக வர ஆம்புலன்ஸ். அப்பா வழியெல்லாம் ஜன்னலில் மரங்களைப் பார்த்துப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தார். மருது. வாகை. பூவரசு. மருது.

ஜூலை 11

ஒரு வருஷம் காய வைக்க முடியாது.

ஜூலை 14

புளியரையில் பழைய வீடு ஒன்றை இடித்திருக்கிறார்கள். அண்ணாச்சி சொல்லி அனுப்பினார். நிலை, விட்டம், பரண் பலகை எல்லாம் தேக்கு. யாருடைய வீடு என்று கேட்கவில்லை. விட்டத்தில் ஒன்று எட்டடி நீளம், ஆறுக்கு நாலு அங்குலம், அடுப்புப் புகை ஏறிக் கரி மாதிரிக் கறுத்துக் கிடந்தது. ஓரத்தில் இழைப்புளியை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். சுருளாக ஒரு சீவல் வந்தது, அடியில் தேன்நிறம், நெருக்கமான நேர் ரேகை, கணு இல்லை. மீட்டரைக் குத்தினேன். 12.

பேரம் பேசவில்லை.

ஜூலை 15

காந்தத்தை விட்டம் முழுக்கத் தடவி ஆணிகளைத் தேடி எடுத்தேன். மரத்துக்குள் முறிந்து கிடந்த ஒன்றை உளியால் கொத்திக் கொத்தி எடுக்க மதியம் ஆகிவிட்டது. ஒரு ஆணி தப்பினாலும் ரம்பப் பல் போய்விடும் என்று மில்லில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

ஜூலை 16

பசை பற்றி. தேக்கின் எண்ணெய் பசையைப் பிடிக்கவிடாது. ஒட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் அசிட்டோனில் துணியை நனைத்துத் துடைக்க வேண்டும். விட்டுவிட்டு மறுநாள் ஒட்டினால் எண்ணெய் மறுபடி மேலே வந்துவிடும். ஆசாரியிடம் இதைச் சொல்ல வேண்டும், சொன்ன விதம் அவருக்கு உறுத்தாமலும் இருக்க வேண்டும். அசிட்டோன் வீட்டுக்குள் கூடாது. ஆக்சிஜன் ஓடுகிறது. ஒட்டுகிற வேலை முழுவதும் மில்லில்தான்.

90.

ஜூலை 20

அறுத்தாயிற்று. வளையம் செங்குத்தாக நிற்கும்படி, முக்கால் அங்குலக் கனத்தில். இத்தனை வருஷப் பழைய மரம், ரம்பம் போனதும் நேற்று வெட்டியதைப் போல மணம் கிளம்பியது. கைப்பிடி மரத்தூளைக் காகிதத்தில் மடித்து எடுத்து வந்தேன். அப்பாவிடம் கொடுக்கவில்லை. தூள் அவருக்கு ஆகாது. சட்டைப்பையிலேயே இருக்கிறது.

ஜூலை 21

பலகைகள் கொஞ்ச நாள் வீட்டுக் காற்றுக்குப் பழக வேண்டும். எங்கே அடுக்குவது? கூடத்தில் மீட்டர் 15-ஐத் தாண்டுகிறது. திண்ணையில் சாரல். வீட்டிலேயே காய்ந்த அறை அப்பாவின் அறைதான், மெஷின் இரவும் பகலும் வெங்காற்று விட்டுக்கொண்டிருக்கிறது. துடைத்த பலகைகளைக் கட்டிலுக்கு எதிரே, இடையிடையே குச்சி வைத்து அடுக்கினேன். குச்சிகள் ஒன்றுக்கு நேராக ஒன்று நிற்கவில்லை என்று படுத்தபடியே இரண்டு தடவை மாற்ற வைத்தார். நேராக இல்லாவிட்டால் பலகை வளையும்.

ஜூலை 24

13.

மீட்டரைச் சொல்கிறேன். மற்றது 89.

ஜூலை 26

அம்மாவை எழுப்பி அப்பா கேட்டாராம், மேலிருந்து மூன்றாவது பலகை திரும்புகிறதா பார் என்று. காலையில் மூலைமட்டம் வைத்துப் பார்த்தேன். திரும்பவில்லை. அவரிடம் மட்டத்தைக் கொடுத்தேன், அவரே ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொண்டார்.

ஜூலை 28

ஆசாரி புதன்கிழமை வருகிறார். மேல்பலகை எது, பக்கப்பலகை எது என்று அப்பா சாக்பீஸால் குறி போட்டுவிட்டார், ஒவ்வொன்றிலும் எந்த முகம் வெளியே என்பதற்கு ஒரு அம்புக்குறியோடு. ஒரே பலகையிலிருந்து வரிசையாக வெட்டி, ரேகை மூலையில் முறியாமல் திரும்ப வேண்டும் என்கிறார். மூலைக்கு 45 டிகிரி. உள்ளே ப்ளைவுட் நாக்கு. ப்ளைவுட்டுக்கு நாளை காலையில் தென்காசி போக வேண்டும், 18 மி.மீ., பாய்லிங் வாட்டர் ப்ரூஃப், ஒரு ஷீட். திரும்பும்போது சிலிண்டர்.