தர்றேன்னது, கேட்டது, போனது

அனல் மின் நிலையத்தில் சேர்ந்த முதல் மூன்று வருடம் பாய்லர் பக்கம்தான் இருந்தேன். மில், ஃபேன், ட்யூப் லீக், நிலக்கரித் தூசி என்று நாட்கள் போயின. அப்புறம் என்னை ஷெட்யூலிங் அறைக்கு மாற்றினார்கள். இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஹாட்லைன் போன், சுவரில் ஃப்ரீக்வென்சி காட்டும் சிவப்பு எண்கள். மெஷின் சத்தம் கேட்கவே கேட்காது. முதல் நாள் அந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை.

அங்கே நான் கற்றுக்கொண்டதில் பெரும்பகுதி சொற்கள்தான். டிசி, ரிக்விசிஷன், ஷெட்யூல், சரண்டர், பேக்டவுன் என்று எல்லோரும் சரளமாகப் பேசுவார்கள். எனக்கும் ஒரு வாரத்தில் நாக்கில் ஒட்டிக்கொண்டன. ஆனால் ஒவ்வொன்றுக்கும், மின்சாரம் வாங்கும் மாநிலங்களோடு போட்ட ஒப்பந்தத்தில் என்ன பொருள் எழுதியிருக்கிறது என்று தேடிப் படிக்க எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. முன்பே படித்திருக்க வேண்டும்.

வேலை இதுதான். ஒரு நாளை 15 நிமிடங்களாக வெட்டினால் 96 துண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர் பிளாக். நள்ளிரவு 12 மணிக்கு முதல் பிளாக் தொடங்கும்; சாயங்காலம் 6 மணிக்கு 73வது. நாளைக்கு ஒவ்வொரு பிளாக்கிலும் எவ்வளவு தர முடியும் என்று இன்றைக்கே அறிவிக்க வேண்டும். அதுதான் டிக்ளேர்டு கேபபிலிட்டி, சுருக்கமாக டிசி. மின்கட்டமைப்பு விதிகளான கிரிட் கோடு, அதில் 2010ஆம் ஆண்டினது நடப்பில் இருந்த காலம் அது. காலை 8 மணிக்குள் டிசி போக வேண்டும். 10 மணிக்கு மண்டல லோடு டெஸ்பாட்ச் மையமான ஆர்எல்டிசி ஒவ்வொரு மாநிலத்தின் பங்கையும் சொல்லும். மாலை 3 மணிக்குள் மாநிலங்கள் தங்களுக்கு வேண்டியதைக் கேட்கும். 6 மணிக்கு, எந்த பிளாக்கில் எவ்வளவு அனுப்ப வேண்டும் என்ற ஷெட்யூல் வரும். ராத்திரி 10 மணி வரை திருத்தம் சொல்லலாம், 11 மணிக்கு இறுதி ஷெட்யூல்.

சேர்ந்த புதிதில் ஒரு காலை டிசி படிவத்தை நான் நிரப்பினேன். 96 கட்டத்திலும் 600. எங்களுடையது 600 மெகாவாட் யூனிட், முழு லோடில் ஓடிக்கொண்டிருக்கிறது, வேறென்ன எழுதுவது? அனுப்புவதற்கு முன் ஷிஃப்ட் இன்சார்ஜ் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, இந்த 600 எங்க நின்னு அளந்தது?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. அவர் ஒரு தாளில் படம் போட்டார். ஜெனரேட்டர் முனையில் 600. அதிலிருந்தே எங்கள் ஃபேன், பம்ப், மில் எல்லாம் சுமார் 6 சதவீதம், அதாவது 36 மெகாவாட் எடுத்துக்கொள்ளும். மீதி 564தான் பஸ்ஸை, அதாவது நிலையத்தின் மின்சாரம் எல்லாம் வந்து சேரும் பொதுக் கம்பியை, தாண்டி வெளியே போகும். ஒப்பந்தம் டிசியை அளக்கச் சொல்லும் இடம் அதுதான், எக்ஸ்-பஸ். நான் 600 என்று அனுப்பி, அதுவே ஷெட்யூலாகத் திரும்பி வந்திருந்தால், மெஷின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் ஒவ்வொரு பிளாக்கிலும் 9,000 யூனிட் மின்சாரம் குறைந்துகொண்டே இருக்கும். இல்லாத திறனை இருப்பதாக அறிவிப்பதற்குத் தனி அபராதமும் கட்டண விதிகளில் இருந்தது. முதல் தடவை இரண்டு நாள் ஃபிக்சட் சார்ஜ், அதாவது தயாராக இருப்பதற்கு வரும் காசு, அடுத்த தடவை நான்கு நாள், அதற்கப்புறம் இரட்டிப்பாகிக்கொண்டே போகும். சந்தேகம் வந்தால், அறிவித்ததை ஓட்டிக் காட்டு என்று லோடு டெஸ்பாட்ச் மையம் கேட்கலாம்.

அந்தக் கேள்வியை நான் விடவே இல்லை. ஒப்பந்தத்தில் எந்த எண்ணைப் பார்த்தாலும் எங்கே நின்று அளந்தது, எந்த நேரத்துக்கு, யார் சொன்னது என்று கேட்பேன். ஒரே மின்சாரம் எங்கள் பஸ்ஸில் ஒரு எண், வாங்கும் மாநிலத்தின் எல்லையில் இன்னொரு எண். நடுவில் டிரான்ஸ்மிஷன் இழப்பு இருக்கிறது. இரண்டு பேரும் 'ஷெட்யூல்' என்று ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டு வேறு வேறு எண்ணைக் கையில் வைத்து அரை மணி நேரம் வாதாடியதைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ஷெட்யூல் முறையின் உயிர்நாடியை எனக்குப் பிடிபட வைத்தது ஒரு சீனியர் ஆபரேட்டர் அண்ணன். பில்லிங் பிரிவுக்கு வந்த புதுப் பையன் ஒருவன் அவரிடம் ஏதோ கேட்க, அவர் மூன்று விரலை நீட்டிச் சொன்னார்: "நாம தர்றேன்னது ஒண்ணு. அவங்க கேட்டது ஒண்ணு. போனது ஒண்ணு. மூணுக்கும் தனித்தனிக் காசு."

இதைவிடத் தெளிவாக ஏபிடியை யாரும் விளக்கி நான் கேட்டதில்லை. அவைலபிலிட்டி பேஸ்டு டாரிஃப் என்ற இந்த முறைக்கான உத்தரவை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2000 ஜனவரியில் போட்டது. தென் மண்டலத்தில் 2003 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை வடிவமைத்தவர்களைப் பற்றிப் பேசும்போது பானு பூஷன் பெயர் தவறாமல் வரும். அதன்படி, தர்றேன்னதுக்கு ஃபிக்சட் சார்ஜ். வாங்குகிறவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உண்டு. கேட்டதுக்கு, அதாவது ஷெட்யூலுக்கு, எனர்ஜி சார்ஜ். போனது ஷெட்யூலிலிருந்து எவ்வளவு விலகியதோ அதற்கு மூன்றாவது கணக்கு. அதை அன்று யூஐ (அன்ஷெட்யூல்டு இன்டர்சேஞ்ச்) என்றார்கள். 2014 முதல் டிஎஸ்எம் (டீவியேஷன் செட்டில்மென்ட் மெக்கானிசம்).

இதில் வெளியாட்களுக்கு ஆச்சரியமாக இருப்பது நடுவில் உள்ளது. நிலக்கரி எரித்ததற்கான காசு, உண்மையில் ஓடியதை வைத்து வருவதில்லை. ஷெட்யூலை வைத்து வருகிறது. எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கும். அதற்கு முன்னால், கேட்காத நேரத்திலும் மெஷினை முழுதாக ஓட்டுவதில்தான் நிலையத்துக்கு லாபம். நள்ளிரவில் தேவை குறைந்து ஃப்ரீக்வென்சி ஏறும், யாரும் லோடைக் குறைக்க மாட்டார்கள். சாயங்காலம் தேவை கூடி ஃப்ரீக்வென்சி 49க்கும் கீழே தொங்கும். ஏபிடி வந்தபோது விலகலுக்கான விலையை ஃப்ரீக்வென்சியோடு கட்டினார்கள். தொடக்கத்தில் 50.5 ஹெர்ட்ஸில் அது பூஜ்யம், 49.02க்குக் கீழே யூனிட்டுக்கு 4 ரூபாய் 20 காசு. அதற்கப்புறம் எங்கள் அறையில் இருந்த சிவப்பு எண்தான் விலைப் பலகை. அதைப் பார்த்தே லோடை ஏற்றலாமா, இறக்கலாமா என்று ஒரு ஆபரேட்டருக்குத் தெரிந்துவிடும்.

இந்த மூன்றில் முதலாவதுதான் எங்களுக்குப் பெரிய தகராறைக் கொண்டுவந்தது. காற்று சீசன். தமிழ்நாட்டில் மே முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் முழு வீச்சில் சுற்றும். காற்றும் சூரியனும் மஸ்ட் ரன். விலையைக் காரணம் காட்டி அவற்றைக் குறைக்கக் கூடாது. அதனால் நிலக்கரிதான் இறங்க வேண்டும். அதுவும் ஓரளவுக்குத்தான். மத்திய நிலையங்களுக்கு 55 சதவீதம் டெக்னிக்கல் மினிமம் என்று 2016இல் வரையறுத்தார்கள். அதற்கும் கீழே போகவேண்டி வந்தால் யூனிட்டை நிறுத்திவிடுவது ஒரு வழி. அதற்குப் பெயர் ரிசர்வ் ஷட்டவுன். பழுதால் நிற்பது அல்ல, தேவை இல்லாததால் நிற்பது.

அந்த வருடம் எங்களிடம் வாங்குகிறவர்கள் தங்கள் பங்கு முழுவதையும் சரண்டர் செய்து, அதாவது வேண்டாம் என்று விட்டுக்கொடுத்து, யூனிட்டை நிறுத்தச் சொன்னார்கள். 12 நாள் நின்றது. 12 நாளும் நான் முழு டிசி அறிவித்தேன். யூனிட் நன்றாக இருக்கிறது, அவர்கள்தான் வேண்டாம் என்றார்கள், ஆகவே நாம் தயார். எனக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து, அந்த 12 நாளுக்கான ஃபிக்சட் சார்ஜைப் பிடித்துக்கொண்டு பில் திரும்பி வந்தது. அவர்கள் வாதம் இதுதான்: 72 மணி நேரத்துக்கு மேல் நின்ற மெஷின் குளிர்ந்துவிடும், கோல்டு ஸ்டார்ட் எடுக்கப் பல மணி நேரம் ஆகும். நாங்கள் அன்று சாயங்காலமே கேட்டிருந்தால் உங்களால் கொடுத்திருக்க முடியாது. கொடுக்க முடியாததை எப்படித் தயார் என்றீர்கள்?

ஒப்பந்தத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வழங்க இயலும் நிலையில் உள்ள திறன் என்ற பொருளில் ஒரே ஒரு வரி இருந்தது. இயலும் என்றால் இந்த நிமிடமா, முறையாக நேரம் கொடுத்தாலா என்று அதில் இல்லை. எழுதினவர்கள் ஓடிக்கொண்டிருக்கிற மெஷினை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள். நல்ல நிலையில் நின்றுகொண்டிருக்கிற மெஷின் அவர்கள் கண்ணில் படவே இல்லை.

பேச்சுவார்த்தைக்கு நான் ஷிஃப்ட் லாக் புத்தகங்களோடு போனேன். ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஆபரேட்டர்கள் எழுதியிருந்தார்கள். டர்பைன் பாரிங் கியரில், லூப் ஆயில் பம்ப் சர்வீஸில், பாய்லர் பிரிசர்வேஷனில், யூனிட் ரெடி ஃபார் லைட் அப், அதாவது பாய்லரைப் பற்றவைக்கத் தயார். மூன்று ஷிஃப்ட், 12 நாள், 36 தடவை அதே வரி வேறு வேறு கையெழுத்தில். ஒருவர் பேனா தீர்ந்து பென்சிலில் எழுதியிருந்தார். அந்தப் பக்கங்களைத் திருப்பும்போது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும் நின்ற மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறார்கள்.

எதிரே இருந்த, வாங்குகிறவர்கள் தரப்பின் கமர்ஷியல் மேடம் அமைதியாக எல்லாவற்றையும் படித்தார். அப்புறம் கேட்டார்:

"இதெல்லாம் சரி சார். அந்த 12 நாளுக்கான பெர்மிட் ரெஜிஸ்டர் இருக்கா?"

மெஷினில் கைவைக்கக் கொடுக்கும் அனுமதிகளின் பதிவேடு அது. இருந்தது. மறுநாள் கொண்டுபோனோம். ஏழாவது நாள் காலை, பாய்லர் புகையை இழுத்து வெளியேற்றும் இரண்டு ஐடி ஃபேனில் ஒன்றின் மோட்டாரில் பேரிங் மாற்ற மெயின்டனன்ஸ் பெர்மிட் வாங்கியிருக்கிறது. யூனிட் எப்படியும் நிற்கிறது, இந்த வேலையை முடித்துவிடலாம் என்று நினைத்திருக்கிறார்கள். எட்டாவது நாள் சாயங்காலம்தான் பெர்மிட் திரும்பியிருக்கிறது. ஒரு ஐடி ஃபேன் இல்லாமல் அந்த யூனிட் பாதி லோடுக்குச் சற்று மேலேதான் தூக்கும். அந்த இரண்டு நாளும் என் டிசியில் முழு 564 இருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஷெட்யூலிங் அறைக்கும் பெர்மிட் மேஜைக்கும் நடுவில் நூறடி தூரம்கூடக் கிடையாது.

நான் அந்த இடத்திலேயே ஒத்துக்கொண்டேன். அந்த இரண்டு நாள் நாங்கள் தயாராக இல்லை. எங்கள் தரப்பில் ஒருவருக்கு இது பிடிக்கவில்லை. யாரும் கேட்காத மின்சாரம்தானே, ஃபேன் இருந்தால் என்ன, கழற்றிக் கிடந்தால் என்ன என்றார். எனக்கு அது ஒப்பவில்லை. ஃபிக்சட் சார்ஜ் என்பது கேட்காத மின்சாரத்துக்குத்தான் தருகிற காசு. நாம் சொல்வதை நம்பி அவர்கள் தருகிறார்கள். அந்தச் சொல்லில் ஓட்டை இருந்தால் மீதிப் பத்து நாளையும் எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் அந்தப் பத்து நாளுக்கான தொகை முழுதாக வந்தது. பெர்மிட் ரெஜிஸ்டரைக் காட்டாமல் இருந்திருந்தால் அதுவும் இழுபறியாகவே போயிருக்கும் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்த துணை ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் சேர்த்தோம். மேடமும் நானும் அரை நாள் உட்கார்ந்து வார்த்தை வார்த்தையாக எழுதியவை. வாங்குகிறவர் கேட்டு நிறுத்திய யூனிட், அறிவிப்பு கிடைத்ததும் குறித்த நேரத்துக்குள் இணைக்கக்கூடியதாக இருந்தால் அது தயார் என்று கொள்ளப்படும். அந்த நேரம் ஹாட், வார்ம், கோல்டு என்று நின்ற காலத்தைப் பொறுத்து மூன்று விதம்; பத்து மணி நேரத்துக்குள் என்றால் ஹாட், 72 மணி வரை வார்ம், அதற்கு மேல் கோல்டு. நிற்கும் காலத்தில் மெஷினில் எந்த பெர்மிட் போட்டாலும், லோடைப் பாதிக்குமானால், டிசி உடனே குறைய வேண்டும்.

'கொள்ளப்படும்' என்ற சொல்லில் மட்டும் ஒரு மணி நேரம் போயிற்று. டீம்டு என்று ஒப்பந்தங்களில் வருமே, அதுதான். நடக்காததை நடந்ததாக வைத்துக்கொள்வோம் என்று இரண்டு பேர் ஒத்துக்கொள்வது. கிரிட் சொல்லி நிறுத்தப்பட்ட காற்றாலை ஓடியிருந்தால் எவ்வளவு வந்திருக்கும் என்று கணக்குப் போடுவதும் அதே சொல்லை வைத்துத்தான். எதை நம்பி அப்படிக் கொள்வது, எந்தப் பதிவேடு சாட்சி என்று அதே வரியில் எழுதாவிட்டால், அது பின்னால் வழக்கறிஞர்களுக்குப் போய்ச்சேரும். நாங்கள் ஷிஃப்ட் லாக், பெர்மிட் ரெஜிஸ்டர் இரண்டையும் பெயர் சொல்லி எழுதினோம்.

விதிகள் அதற்கப்புறம் நிறைய மாறிவிட்டன. 2020 ஜூன் முதல் ரியல் டைம் மார்க்கெட் வந்து, அரை மணிக்கு ஒரு ஏலம் நடக்கிறது. ஷெட்யூல் திருத்தம் கேட்டால் கேட்ட பிளாக்கிலிருந்து எண்ணி ஏழாவது அல்லது எட்டாவது பிளாக்கில்தான் நடைமுறைக்கு வரும். 2023 அக்டோபரிலிருந்து கிரிட் கோடும் புதிது. நேரங்கள் எல்லாம் வேறு. டிசி மட்டும் அதே டிசிதான், எக்ஸ்-பஸ்ஸில் நின்று அளப்பதுதான்.

இப்போது காற்று சீசனில் யூனிட் நின்றால், மெயின்டனன்ஸ் ஆட்கள் பெர்மிட் மேஜைக்குப் போகும் முன் எங்கள் அறைக்குத்தான் முதலில் போன் செய்கிறார்கள். போன வாரம்கூட ஒரு போன். "சார், பி மில்லைத் திறக்கலாமா?" எந்த பிளாக்கிலிருந்து என்று கேட்டேன். "40லிருந்து 60 வரைக்கும்." நிலக்கரியின் தரத்தைப் பார்த்தேன், நிலக்கரி அரைக்கும் அந்த மில் இல்லாமலே முழு லோடு வரும். சரி, திறங்கள் என்றேன். டிசியைத் தொடவில்லை, ஏன் தொடவில்லை என்பதை மட்டும் லாக்கில் எழுதி, நேரம் போட்டுக் கையெழுத்து வைத்தேன்.