ஆயா வீட்டுக் கிறிஸ்துமஸ் பூ

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பல தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கும்பகோணத்திலிருந்து வந்த புதிதில் எனக்கு அது பெரிய குழப்பம். ஆயா பேசுவது முக்கால்வாசி இங்கிலீஷ். திட்டும்போது மட்டும் தமிழ் தானாக வந்துவிடும். போன வருஷம் நான் வாங்கிய திட்டுக்குக் காரணம் ஒரு ஜப்பானியத் தோட்டப் புத்தகம்.

பழைய புத்தகக் கடையில் எண்பது ராண்டுக்குக் கிடைத்தது. கனமான புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் கியோட்டோ தோட்டங்களின் புகைப்படங்கள். ரியோவான்ஜி கோயிலில் வாரியால் கோடு இழுத்த ஜல்லி நடுவே வைத்த 15 கற்கள் இரண்டு பக்கத்துக்கு விரிந்திருந்தன. எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் அதில் ஒரு கல்லாவது மறைந்துவிடுமாம். அதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே ஆறு மூட்டை ஜல்லி வாங்கி வந்து பின்கட்டில் கொட்டி, வாரியால் கோடு இழுத்தேன்.

டிசம்பர் மழைக்கு ஜல்லி நடுவே புல் கிளம்பிவிட்டது. பதித்த பாசி வெயிலில் கருகியது. இழுத்த கோடெல்லாம் இந்த ஊர்க் குரங்குகளுக்கு ஒரு காலை வேலை. இனி வைக்க வேண்டியது கல் மட்டும்தான். நல்ல கல் எங்கே போய்த் தேடுவது? மாமியார் காலத்து அம்மிக்கல் சும்மாதானே கிடக்கிறது என்று அதை நடுவில் நிமிர்த்தி நட்டேன்.

மதில் மேலாக எட்டிப் பார்த்தார் ஆயா. "யாரைக் கண்ணு புதைச்சே?"

அதோடு விடவில்லை. படுத்துக் கிடந்த கல்லை நிமிர்த்தலாமா, சோறு போட்ட கல்லாச்சே, உன் வீட்டில் பெரியவர்கள் ஒன்றும் சொல்லித்தரவில்லையா என்று பத்து நிமிஷம். நானும் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து 'சகுதெய்கி'யின் ஆங்கில மொழிபெயர்ப்பு கைக்கு வந்தது. 11-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்டது, தோட்டம் அமைப்பது பற்றி ஜப்பானில் கிடைக்கும் மிகப் பழைய நூல். செய்யக்கூடாதவை என்று ஒரு நீண்ட பட்டியல் அதில் உண்டு. நின்ற கல்லைப் படுக்க வைக்காதே, படுத்திருந்த கல்லை நிமிர்த்தாதே, மீறினால் வீட்டுக்கு ஆகாது. வாசித்துவிட்டு நேராகப் பின்கட்டுக்குப் போய் அம்மியைக் கிடத்திவிட்டுத்தான் வந்தேன். அந்த நூல் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: கல் என்ன கேட்கிறதோ அதைச் செய். எண்பது ராண்டு புத்தகத்தில் இந்த மாதிரி ஒரு வரி கிடையாது. அதில் இருந்ததெல்லாம் காலை வெளிச்சமும் மூடுபனியும். பார்க்க அழகு, மண்வெட்டி பிடிக்கிறவளுக்கு உதவாது.

அப்புறம் செடிப் புத்தகங்கள் பக்கம் போனேன். அதற்கும் வழி காட்டியது ஆயா வீடுதான். வாசலில் ஒரு ஹைட்ரேஞ்சியா புதர். டிசம்பரில் பூப்பதால் இங்கே அதைக் கிறிஸ்துமஸ் பூ என்பார்கள். செடியின் பூர்வீகம் ஜப்பான்.

அதை 1784-இல் தன் 'ஃப்ளோரா ஜப்போனிகா'வில் எழுதியவர் ஸ்வீடன்காரர் துன்பெர்க். அந்தக் காலத்தில் ஜப்பானுக்குள் ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும்தான் அனுமதி. அதனால் டச்சு மொழி பழகுவதற்காக 1772-இல் கேப்புக்கு, அதாவது நம்ம தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, மூன்று வருஷம் இங்கேயே செடி சேகரித்துவிட்டுத்தான் நாகசாகி போனார். அங்கே தெஜிமா என்ற சின்னத் தீவில் அடைத்து வைத்தார்கள். மனுஷர் சும்மா இருக்கவில்லை. ஆடுமாடுகளுக்கு வெளியிலிருந்து வந்த தீவனக் கட்டைப் பிரித்து, அதில் புதுச் செடி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாராம். மாட்டுக்கு முன்னால் இவர்! ஆனால் ஹைட்ரேஞ்சியாவை மட்டும் தவறான பேரினத்தில் சேர்த்தார், வைபர்னம் என்ற வேறொரு செடி வகை என்று.

அவரைக் குறை சொல்ல முடியாது. நாம் இதழ் என்று நினைப்பது அதில் இதழே இல்லை, பூவுக்கு வெளிப்பக்கம் இருக்கிற புல்லிதழ். உண்மையான இதழ் நடுவே கடுகு மாதிரி இருக்கும். பூத்துக் குலுங்குகிற புகைப்படத்தில் இது தெரியாது. ஓவியர்தான் ஒரு சின்னப் பூவைப் பிரித்து, பெரிதாக்கி, ஓரமாகத் தனியே வரைவார். போன மாதப் பூவும் அடுத்த மாத விதையும் ஒரே தாளில் இருக்கும். கேமராவால் முடியாத காரியம்.

1823-இல் அதே தெஜிமாவுக்கு வந்த மருத்துவர் சீபோல்டு, கவஹாரா கெய்கா என்ற நாகசாகி ஓவியரை வைத்துச் செடிகளை வரைய வைத்தார். தன்னோடு வாழ்ந்த தாகியை அவர் கூப்பிட்டது ஒதாகிசான் என்று. அதையே ஒரு ஹைட்ரேஞ்சியாவுக்கு 'ஒதக்சா' என்று வைத்துவிட்டார். தாவரவியலில் இப்படிச் சொந்தக்கதை நுழைக்கலாமா என்று பிற்பாடு ஜப்பானியத் தாவரவியலாளர் மகினோ தொமிதாரோ கடுமையாகத் திட்டினார். அதே மகினோ 1928-இல் மனைவி சுவேகோ இறந்தபோது ஒரு சிறு மூங்கிலுக்கு அவர் பெயரை வைத்தார். எனக்கு இரண்டு பேரையும் பிடிக்கும், மகினோவைக் கொஞ்சம் கூடுதலாக.

சீபோல்டு நூலின் செடி ஓவியங்களை பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள், இலை விளிம்பின் பல்லை எண்ணலாம்.

இந்த டிசம்பர் நானும் பென்சிலை எடுத்துக்கொண்டு ஆயா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். நான்கு நாளில் ஒரு கொத்து. ஆயா கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

"இலையில நத்தை கடிச்ச ஓட்டை எங்கே?"

போட்டேன். பிறகு வண்ணத்தில் மாட்டிக்கொண்டேன். மண்ணில் புளிப்பு இருந்தால் செடி அலுமினியத்தை எடுத்துக்கொண்டு நீலமாகப் பூக்கும், சுண்ணாம்பு இருந்தால் ரோஜா நிறம். ஆயா வீட்டுச் செடியில் சிமெண்ட் மதிலை ஒட்டிய பக்கம் ரோஜா, படிக்கட்டுப் பக்கம் நீலம். நீலத்துக்குத் தான் துருப்பிடித்த ஆணி புதைத்ததுதான் காரணம் என்கிறார் ஆயா. அலுமினியத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. முக்காலியைக் கொஞ்சம் நகர்த்தி, இரண்டு நிறமும் தெரிகிற இடத்தில் போட்டுக்கொண்டேன்.