ஓர்காவுக்கும் பாசிக்கும் என்ன சம்பந்தம்?

ஓர்கா (கொலைகாரத் திமிங்கிலம்) பாசியைத் தொடுவதே இல்லை. ஆனாலும் அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் கெல்ப் (ராட்சதக் கடற்பாசி) காடு அழிந்ததற்கு, கடல் சூழலியலாளர் ஜிம் எஸ்டெஸின் குழு 1998-ல் கைகாட்டியது ஓர்காவைத்தான்.

இரண்டுக்கும் நடுவில் இருப்பது கடல் நீர்நாய். அதற்குத் திமிங்கிலம் மாதிரி தோலடிக் கொழுப்பு கிடையாது. குளிரைத் தாங்க, தினமும் தன் எடையில் கிட்டத்தட்ட கால்வாசி தின்றாக வேண்டும். அங்கே அதில் பெரும்பங்கு கடல் முள்ளெலி (பாசி மேயும், உடலெல்லாம் முள்ளான உருண்டைக் கடலுயிரி). 1990-களில் நீர்நாய்கள் ஓர்காவுக்கு இரையாகிக் குறைந்ததும் முள்ளெலிகளின் மொத்த எடை 8 மடங்கு ஏறியது. கெல்ப் அடர்த்தி 12-ல் ஒரு பங்கானது. முள்ளெலி இலை நுனியை மட்டும் மேய்ந்தால் கெல்ப் பிழைத்துக்கொள்ளும். பாறையைக் கவ்வியிருக்கும் அடிப்பிடியையே கொறித்துவிடுகிறது. பல மீட்டர் நீளப் பாசி அப்படியே பிய்ந்து அலையோடு போய்விடும். காடு போனாலும் முள்ளெலி சாகாது. பட்டினியாகவே வருடக்கணக்கில் கிடந்து, துளிர்ப்பதையெல்லாம் தின்னும்.

ஓர்காதான் என்று எப்படிச் சொன்னார்கள்? அலூஷியன் தீவுகளில் ஒன்றான அடாக்கில் உள்ள கிளாம் லகூன் என்ற கடற்கழிக்கு வாய் குறுகல், ஆழமும் குறைவு. ஓர்கா நுழைய முடியாது. அங்கே நீர்நாய்கள் குறையவில்லை. பக்கத்துக் குலுக் விரிகுடா திறந்த கடல். அங்கே மளமளவென்று சரிந்தன. (எனக்குப் பிடித்த ஆதாரம் இது.) ஓர்காக்கள் ஏன் நீர்நாய் பக்கம் திரும்பின என்பதில்தான் ஆய்வாளர்களுக்குள் சண்டை ஓயவில்லை.