பேஸ்லைன் எடுத்தது எந்த மாதம் என்று முதலில் பாருங்கள்

நாகப்பட்டினம் கடலோரத்தில் வெளிநாட்டு நிதியில் நடந்த ஒரு திட்டத்தின் இறுதி மதிப்பீட்டை இப்போதுதான் முடித்தேன். மீன் விற்கும் பெண்களுக்கு ஐஸ் பெட்டியும் சுழல்நிதிக் கடனும் கொடுத்த இரண்டு வருடத் திட்டம். ஒப்பந்தம், இன்செப்ஷன் ரிப்போர்ட் (வேலையை எப்படிச் செய்வோம் என்று தொடக்கத்தில் தரும் அறிக்கை) எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. மதிப்பிடும் அளவுகோல்கள், வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓஇசிடியின் வழக்கமான அளவுகோல்கள்தான். 1991இல் ஐந்தாக இருந்து, 2019இல் ஒத்திசைவும் சேர்ந்து ஆறானவை. என்னைப் பாடாய்ப் படுத்தியது அதில் ஒன்றுதான்: தாக்கம், அதாவது திட்டத்தால் உண்மையில் என்ன மாறியது என்பது.

தாக்கத்தைச் சொல்ல பேஸ்லைன், அதாவது திட்டத்தின் தொடக்கத்தில் எடுத்த கணக்கு, வேண்டும். திட்ட அலுவலகத்தில் அதன் அச்சிட்ட அறிக்கை மட்டும்தான் இருந்தது. மூலத் தரவு கேட்டால், "அப்ப இருந்தவர் வேலையை விட்டுட்டார் சார்." இதற்காகவே சென்னையிலிருந்து ராத்திரி பஸ் பிடித்துப் போனேன். பொறுப்பாளர் லீவு, பீரோ சாவி அவரிடம். வெறுங்கையோடு திரும்பினேன். இரண்டு வாரம் விடாமல் போன் போட்ட பிறகு கூரியரில் ஒரு பென்டிரைவ் வந்தது.

திறந்து பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. எக்செல்லில் தேதிக் கட்டம் முழுக்க மே மாதம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். ஏலத்துக்கு மீன் வருவதே குறைவு. திட்ட முடிவில் எடுக்கும் கணக்கான எண்ட்லைனை நாங்கள் எடுத்ததோ செப்டம்பரில். வருமானம் இரண்டு மடங்கு ஆனதாகக் கணக்கு காட்டாமல் என்ன செய்யும்? அலுவலகத்தில் அந்த எண்ணை ஏற்கெனவே ஸ்லைடில் போட்டு வைத்திருந்தார்கள். "ரெண்டுக்கும் ஒரே கேள்வித்தாள்தானே, அப்படியே போடுங்க" என்றார்கள். மாட்டேன் என்றேன்.

மறுபடி களத்துக்குப் போனோம். திட்டம் போகாத பக்கத்து ஊரில் மே, செப்டம்பர் இரண்டையும் கேட்டோம். அங்கேயும் அதே ஏற்றம். பிறகு திட்டம் நடந்த ஊர்ப் பெண்களிடம் இந்த வருடத் தடைக்காலத்தை மட்டும் கேட்டு, பழைய மே மாதத்தோடு வைத்துப் பார்த்தோம். மாதப் பெயர் சொல்லிக் கேட்காதீர்கள், "தடை நேரத்துல" என்று கேளுங்கள். சட்டென்று ஞாபகம் வரும். காலை பத்து மணிக்கும் போகாதீர்கள். விடியுமுன் ஏலத்துக்குப் போனவர்கள் கூடையை விற்று வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். முதல் சுற்றில் இது தெரியாமல் இரண்டு நாள் வீணானது.

ஓர் அக்கா விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: எடுத்த விலை, ஐஸ், ஆட்டோ, மிச்சம். "தடையில கேரளாவுலேருந்து வண்டில வர்ற மீனுதான் தம்பி. முன்னாடி சாயங்காலம் ஆயிட்டா வந்த வெலைக்குத் தள்ளிட்டு வருவேன். இப்ப பொட்டில போட்டு மறுநா விக்கிறேன்."

மே மாதத்துக்கு மே மாதம் ஒப்பிட்டால் ஏற்றம் சிறியதுதான், ஆனால் காரணம் கையில் இருந்தது. அடுத்த வேலையில் தேதியோடு கூடிய மூலத் தரவை ஒப்பந்தத்தின் இணைப்பாகவே கேட்டு வாங்கப் போகிறேன். நீங்களும் கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்.

போன வாரம் அறிக்கையை ஏற்றுக்கொண்டதாக மெயில் வந்தது. அந்த அக்காவின் கணக்கு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. "இரண்டு மடங்கு" எங்கும் இல்லை.