உப்பைத் தட்டாமல் விட்ட படம்

வாட்டர்கலர் தீட்டுகிறவர்களுக்கு உப்பு வித்தை தெரிந்திருக்கும். பூசிய வண்ணத்தின் மினுமினுப்பு அடங்குகிற நேரம் பார்த்து நாலு கல் உப்பைத் தூவினால், ஒவ்வொரு கல்லையும் சுற்றி வெளிறலாக ஒரு பூ விரியும். காய்ந்ததும் உப்பைத் தட்டிவிட வேண்டும்.

திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றை வரைய உட்கார்ந்தபோது அழகுக்காகத்தான் இதைச் செய்தேன். பாதியில்தான் உறைத்தது, அந்த ஆற்றைக் கெடுத்ததே உப்புதானே!

திருப்பூர்ச் சாயக்கழிவு என்றாலே சிவப்பும் நீலமுமாக ஓடிய தண்ணீர்தான் ஞாபகம் வரும். என் முதல் மூன்று படங்களும் அப்படித்தான், கிழித்துப் போட்டேன். பருத்தியில் சாயம் ஏற உப்பு நிறைய வேண்டும்; சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும், உப்பு தண்ணீரோடு வெளியே வந்துவிடும். நிறத்தையாவது எடுத்துவிடலாம், கரைந்த உப்பைப் பிரிக்க ஆர்.ஓ., அப்புறம் மிச்சத்தைக் காய்ச்சி ஆவியாக்கும் இயந்திரம் என்று செலவு எகிறும். பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிப்போனது இப்படித்தான். விவசாயிகள் விடாமல் வழக்கு நடத்த, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். சரியான தீர்ப்புதான், ஆனால் பனியன் கம்பெனிச் சம்பளத்தில் படித்த நான் அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியவில்லை.

அதனால் ஆற்றின் இரண்டு கரைக்கும் பனியன் கட்டிங் வேஸ்டையே எடுத்தேன். கைக்கு அடங்காத துணி அது, வெட்டிய ஓரம் தானாகச் சுருண்டுகொள்ளும், இஸ்திரி போட்டாலும் மறுபடி சுருளும். இரண்டு நாள் மல்லுக்கட்டிவிட்டு, சுருண்டபடியே வைத்து ஓட்டுத் தையல் போட்டுவிட்டேன். காய்ந்த கரை மண் உரிந்து நிற்பதுபோல வந்தது, திட்டமிட்டிருந்தால் வந்திருக்காது.

பார்க்க வந்த அக்கா ஒருவர், "பூப் போட்டாப்பல அழகா இருக்குதுங்க" என்றார். எனக்குச் சிரிக்கவும் முடியவில்லை. அன்று ராத்திரியே அடுத்த படத்தை ஆரம்பித்து, இந்த முறை உப்பைத் தட்டாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

ஐப்பசி அடைமழையில் அந்த உப்பு கசிய ஆரம்பித்திருக்கிறது. வண்ணத்தைக் கரைத்துக்கொண்டு ஒரு கோடு இறங்கி, கீழ்க்கரையின் வெள்ளைத் துணியில் ஊறிவிட்டது. கண்ணாடி போட்டு வைக்கச் சொல்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை.